கைத்துப்பாக்கியில் தோட்டா ஏறாமை: காரணம் காணும் முறை

யந்திரம் ஒன்று தடைப்பட்டு நின்றால், காரணம் யாதென்று ஆராயுமுன்பே கையில் அகப்பட்ட அரத்தையும் சுத்தியையும் எடுப்பது நம் பட்டறைகளில் காணும் பொதுவான வழக்கம். நீரிறைக்கும் யந்திரத்திலோ தையல் யந்திரத்திலோ இதனால் வரும் நஷ்டம் பெரும்பாலும் பணத்தோடு நின்றுவிடும். தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில் அது பணத்தோடு நிற்பதில்லை. இரவுக் காவலில் நிற்பவர் விசையை இழுக்கும்போது வெடியோசைக்குப் பதிலாக ‘டக்’ என்னும் ஓசை மட்டும் எழுமாயின் அவர் உயிருக்கு ஆபத்து. அந்தத் தடையைப் பதற்றத்துடன் நீக்க முயன்று குழலின் வாயை அருகில் நிற்பவர் பக்கம் திருப்பிவிட்டால் அவருடைய தோழரின் உயிருக்கு ஆபத்து.

அலுவல் முறையில் படைக்கலம் தாங்கும் களப்பணியாளர்க்கும், தேசிய மாணவர் படையில் அதிகாரிகளாகவும் இருக்கும் ஆசிரியர்க்கும் பயன்படுமாறு இக்கட்டுரை எழுதப்படுகின்றது. ஆசிரியர்கள் இதற்காகத் துப்பாக்கியை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டுவதில்லை. சுருள்வில்லின் விதி, உந்தம் அழியாமை, நிகழ்தகவு ஆகிய மூன்றும் இந்தச் சிறு கருவிக்குள் அடங்கியிருக்கின்றன. பாடத்திற்கு அவையே போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், படைக்கலங்களைச் செய்வதற்கு மட்டுமன்றிப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கின்றது. ஆகவே காரணத்தைக் கண்டறிவது களப்பணியாளரின் கடமை. உலோகத்தைத் தேய்ப்பதும் வளைப்பதும் ஆர்மரரின் கடமை. இவ்வெல்லையைத் தாண்டாமலேயே பெரும்பாலான தடைகளின் காரணத்தைக் கண்டுவிடலாம் என்பதே இங்குக் காட்ட விரும்புவது.

கருவியும் அதன் பிறப்பும்

நம் நாட்டுப் படையினரும் காவல் துறையினரும் நெடுங்காலமாக அறிந்த கைத்துப்பாக்கி, மேற்கு வங்காளத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் உருவாகிய 9 மில்லிமீட்டர் 1-ஏ என்பதாகும். இதன் மூலம் பெல்ஜிய நாட்டைச் சேர்ந்தது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கி வைத்த வேலையை, அவர் 1926ஆம் ஆண்டில் மறைந்த பின், பெல்ஜியத்துப் பொறியாளர் தியூதொனே ஸெய்வ் முடித்தார். 1935ஆம் ஆண்டில் அது பெல்ஜியப் படையில் ஏற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் டொரண்டோ நகரத்து ஜான் இங்லிஸ் கம்பெனி இதனைப் பெருந்தொகையில் செய்தது. இஷாப்பூர்த் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் தேதிவரை படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைச் சேர்ந்திருந்தது. அன்று வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தில் சேர்ந்தது. நம் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தில்தான் இருக்கின்றது.

இந்தக் கைத்துப்பாக்கியின் தனிச்சிறப்பு அதன் மாகசின். 13 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளியில் அமர்ந்தவாறு அடுக்கப்பட்டு, உச்சியை நெருங்கும்போது ஒரே வரிசையாகக் குவிகின்றன. கைப்பிடியை மிகவும் பருமனாக்காமல் 13 தோட்டாக்களை அடக்கியது அக்காலத்தில் பெரிய சாதனை. ஆனால் இரண்டு வரிசை ஒன்றாகக் குவியும் இடத்தில் உராய்வும் மிகுதி. கோயில் வாயிலில் இரண்டு வரிசையாக வரும் கூட்டம் ஒற்றையாள் புகும் வழியை நெருங்கும்போது என்ன ஆகின்றது என்பதைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஒரு தோட்டாவின் பயணம்

தோட்டா சுடப்பட்டவுடன் குண்டு முன்னே செல்கின்றது. அதே அளவு உந்தத்துடன் ஸ்லைடு என்னும் மேல்மூடி பின்னே செல்கின்றது. குண்டின் எடை 7.5 கிராம், வேகம் விநாடிக்கு 350 மீட்டர், ஸ்லைடும் குழலும் சேர்ந்து 400 கிராம் என்று கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். வெடிவாயுவின் உதைப்பை விட்டுவிட்டால் ஸ்லைடின் தொடக்க வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 6.5 மீட்டர் ஆகும். மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கத் தக்க கணக்கு இது. இவ்வேகத்துடன் பின்செல்லும் ஸ்லைடு, இழுப்புக் கொக்கியால் வெற்றுக்கூட்டைக் கவ்வி இழுக்கின்றது. வெளித்தள்ளி அதை வெளியே எறிகின்றது. சுத்தி பின்னே சாய்கின்றது. குழலடியிலுள்ள மீள்வில் சுருங்குகின்றது. பிறகு மீள்வில் விரிந்து ஸ்லைடை முன்தள்ளும்போது, அதன் அடிமுகம் மாகசினின் உச்சித் தோட்டாவைப் பின்புறமிருந்து தள்ளுகின்றது. தோட்டாவின் மூக்கு, குழலின் அடியில் அமைந்த ஏற்றச்சரிவில் ஏறி அறைக்குள் நுழைகின்றது. அதே சமயம் அதன் விளிம்பு கீழிருந்து மேலாகக் கொக்கியின் பிடிக்குள் புகுகின்றது. இவ்வளவும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் முடிகின்றன.

காளஹஸ்தியில் கண்ணைக் கொடுத்த கண்ணப்பர் வேடர் என்பதை அனைவரும் அறிவோம். வில்லாளி தூணியிலிருந்து அம்பை எடுப்பதும் நாணில் தொடுப்பதும் தன் விரல்களால்தான். அம்பு கோணியிருந்தால் விரல் உடனே அறிந்துகொள்ளும். கைத்துப்பாக்கியில் அந்த விரலின் வேலையை மாகசினின் சுருள்வில் செய்கின்றது. அது குருட்டு விரல். கோணலை அறியாது, தள்ளுவதை மட்டுமே அறியும். அதனால்தான் தோட்டா ஏறுவதில் நேரும் குற்றங்களை ஆராயும்போது முதலில் மாகசினையே சந்தேகிக்க வேண்டும்.

தடை நேர்ந்தவுடன் பார்க்க வேண்டியவை

தடையை நீக்குவதற்கு முன் அதனைப் பார்க்க வேண்டும். பயிற்சித் திடலில் இதற்கு நேரம் உண்டு. உண்மையான ஆபத்தில் நேரம் இல்லை. ஆகவே திடலில் நேரும் ஒவ்வொரு தடையும் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பொருளே. அதை அவசரமாக உதறித் தள்ளிவிடுவது கையில் வந்த சாட்சியை விரட்டிவிடுவதாகும்.

குழல் இலக்கை நோக்கியபடியே இருக்க, விரல் விசையை விட்டு விலகியிருக்க, ஸ்லைடின் பக்கவாயில் வழியாக நோக்குக. விசையை இழுத்தும் வெடிக்காமல் ஸ்லைடு முழுதும் மூடியிருந்தால், முதலில் அரை நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும்; எரிதொப்பி தாமதித்துப் பற்றுவதும் உண்டு. இனி ஒரு நிலை எல்லாவற்றிலும் கொடியது. வழக்கமான வெடியோசைக்குப் பதிலாக நைந்த ஓசை எழுந்து, கைக்கு உதைப்பும் குறைந்து, ஸ்லைடும் அரைகுறையாக நின்றால், பலர் ‘தோட்டா ஏறவில்லை’ என்று எண்ணி ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏற்றிவிடுவர். முந்திய குண்டு குழலின் நடுவிலேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடித்துவிடும். ஓசை மாறினால் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலியாக்கி ஆர்மரரிடம் ஒப்படைப்பதே முறை. தட்டி, இழுத்து, மீண்டும் சுடு என்று பழக்கப்பட்ட கை இங்கே பகையாகும்.

இதுவன்றி, பார்வைக்குத் தெரியும் நிலைகள் சில. ஸ்லைடு மூடியிருக்க அறை காலியாக இருந்தால், தோட்டா மாகசினை விட்டு எழவேயில்லை. மாகசின் பூட்டில் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது அதன் வில் தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்லைடு போதிய தூரம் பின்செல்லவில்லை. தோட்டாவின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து சரிவின் அடியில் முட்டி நின்றால், தோட்டாவைத் தாங்கும் தூக்குத்தட்டு முன்பக்கம் தாழ்கின்றது என்று கொள்ளலாம். தளர்ந்த வில்லும் நெளிந்த தட்டும் இதைச் செய்யும். மூக்கு மேல்நோக்கி எழுந்து குழலின் மேல்விளிம்பில் இடித்து நின்றால், மாகசினின் மேல்விளிம்பில் உட்புறமாக மடிந்துள்ள உதடுகள் அகன்று, தோட்டாவைக் காலத்திற்கு முன்பே விடுவிக்கின்றன. தோட்டா முழுதும் நுழைந்தும் ஸ்லைடு ஒரு மயிரிழை மூடாமல் நிற்குமாயின், அறையில் அழுக்கோ, தோட்டாக் கூட்டில் நசுங்கலோ, மீள்வில்லில் சோர்வோ இருக்கும்.

பலரை ஏமாற்றும் நிலை வேறொன்று உண்டு. இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும். கண்டவர் மாகசின் இரண்டை ஒருங்கே விட்டுவிட்டது என்பர். முன்னே நிற்பதை நன்கு நோக்கினால் அது பெரும்பாலும் முந்திய சூட்டின் வெற்றுக்கூடாக இருக்கும். கொக்கி அதை இழுத்து வெளியேற்றத் தவறியது. அறை நிறைந்திருக்க, அடுத்த தோட்டா வந்து முட்டியது. இது ஏற்றக்குற்றம் அன்று, இழுப்புக்குற்றம். மாகசினை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. இந்நிலையில் ஸ்லைடைப் பின்னே நிறுத்தி, மாகசினை முதலில் கழற்றிவிட வேண்டும். பிறகுதான் அறையைக் காலி செய்ய வேண்டும்.

எத்தனையாவது தோட்டா?

தடையின் வடிவத்தைப் போலவே, அது எத்தனையாவது தோட்டாவில் நேர்ந்தது என்பதும் முக்கியம். இதைக் குறித்துவைக்கும் வழக்கம் அரிதாகவே இருக்கின்றது. ஆனால் ஒரு காசும் செலவின்றிக் கிடைக்கும் சான்று இதைவிடச் சிறந்தது வேறில்லை.

சுருள்வில்லின் விசை அதன் சுருக்கத்திற்கு ஏற்ப வளரும் என்பது ஹூக் கண்ட விதி. மாகசினில் 13 தோட்டாக்கள் நிறைந்திருக்கும்போது வில் மிகவும் சுருங்கி, உச்சித் தோட்டாவை உதடுகளின்மேல் வலிவாக அழுத்துகின்றது. கடைசித் தோட்டா மட்டும் எஞ்சியிருக்கும்போது வில் பெரிதும் விரிந்து, அழுத்தம் மிகக் குறைகின்றது. ஆகவே முதல் தோட்டாவில் மட்டும் தடை நேர்ந்தால், அழுத்தம் மிகுதி என்றோ, முதல் தோட்டாவை ஏற்றும்போது ஸ்லைடைத் தானாக விடாமல் கையால் மெல்லத் தாங்கி விட்டார் என்றோ ஊகிக்கலாம். பின்னதே அதிகம். ஓசை எழக்கூடாதென்று மெதுவாக மூடுவது மரியாதையான பழக்கமாகத் தோன்றினும், மீள்வில்லின் முழு வேகத்தையும் எதிர்பார்த்து அமைக்கப்பட்ட கருவிக்கு அது பொருந்தாது. கடைசித் தோட்டாவிலும் அதற்கு முந்தியதிலும் மட்டும் தடை நேர்ந்தால் வில் தளர்ந்தது என்பது ஏறக்குறைய உறுதி. இன்னொரு சாட்சியும் கூட வரும்: கடைசித் தோட்டா சென்றபின் ஸ்லைடு திறந்தபடி நிற்க வேண்டும், தளர்ந்த வில்லால் தடுப்பானை மேலே தூக்க முடியாமல் அது மூடிவிடும். நடுவில், ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் தடை நேர்ந்தால், மாகசின் உடலின் பக்கத்தில் எங்கோ ஒரு நசுங்கல் உள்ளது. விரலால் தடவினால் அகப்படும்.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாகசினை எப்போதும் நிறைத்து வைத்தால் வில் செத்துவிடும் என்று எண்ணி, நாள்தோறும் நிறைப்பதும் காலி செய்வதுமாக இருப்பவர் உளர். நல்ல எஃகினால் செய்து, தன் மீள்சக்தியின் எல்லைக்குள் சுருக்கப்பட்ட வில், அசையாமல் சுருங்கியிருப்பதால் பெரிதாகத் தளர்வதில்லை. மீண்டும் மீண்டும் சுருங்கி விரிவதே அதனை மிகுதியாகச் சோர்வுறச் செய்யும். நாள்தோறும் காலி செய்பவர், தாம் தவிர்க்க விரும்பிய தீங்கைத் தாமே செய்கின்றார்.

இவ்வழக்கத்தில் வேறொரு ஆபத்தும் உண்டு. காவல் மாறும்போதெல்லாம் ஒரே தோட்டாவை அறையில் ஏற்றி, பிறகு எடுத்து, மறுநாள் அதையே உச்சியில் வைப்பது பல இடங்களில் நடப்பது. ஒவ்வொரு முறையும் அத்தோட்டாவின் மூக்கு ஏற்றச்சரிவில் இடிக்கின்றது. நாளடைவில் குண்டு கூட்டுக்குள் பின்னடைந்து, தோட்டாவின் நீளம் குறைகின்றது. 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் முழு நீளம் 29.69 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாதென்பது அளவு. ஆனால் மிகக் குறைந்தாலும் தீமையே. குட்டையான தோட்டா சரிவில் சரியாக ஏறாது. அதைவிடப் பெரிய தீமை, கூட்டினுள் மருந்துக்கு இடம் சுருங்கிச் சுடும்போது அழுத்தம் வரம்பு கடப்பது. அத்தகைய தோட்டாவைப் புதியதொன்றின் அருகே நிறுத்தி ஒப்பிட்டால் கண்ணாலேயே வேறுபாடு தெரியும். தெரிந்தால் அதைத் தனியே ஒதுக்கிக் கணக்கில் காட்டி ஒப்படைத்துவிட வேண்டும். தோட்டாக்களைத் தோற்பைகளில் நெடுநாள் வைப்பதும் கூடாது. பதனிட்ட தோலிலுள்ள அமிலப் பொருள்களால் பித்தளைக் கூட்டின்மேல் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பேறிய கூடு அறையில் ஒட்டிக்கொள்ளும்.

மணலும் எண்ணெயும்

காளஹஸ்தி, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சுவர்ணமுகி ஆற்றங்கரை ஊர் இது. மழைக்காலம் தவிர ஆற்றில் நீரைவிட மணலே மிகுதி. ஐம்பூதத் தலங்களுள் காற்றுக்கு உரியது இத்தலம் என்பர். கோடைப் பிற்பகலில் ஆற்றோரமாக நடப்பவர் அதை எளிதில் நம்புவர். இத்தகைய ஊரில் மாகசினைத் தரையில் போடுவது, பயிற்சித் திடலில் மணல்மேல் கிடத்துவது, திறந்த சட்டைப் பையில் வைப்பது ஆகியவை தடைகளை விதைப்பதற்கு ஒப்பாகும்.

தூசியைக் கண்டு அஞ்சுபவர் எண்ணெயை மிகுதியாக ஊற்றுவர். இது மருந்தே நோயாவதற்கு உதாரணம். எண்ணெயும் நுண்மணலும் கலந்தால், மோட்டார்ப் பட்டறைகளில் வால்வு தேய்க்க உபயோகிக்கும் பசையைப் போன்ற ஒன்று உண்டாகிவிடும். மாகசினின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, துருப்பிடியாதிருக்க எண்ணெய் தொட்டுப் பிழிந்த துணியால் ஒருமுறை தடவினாலே போதும். அதனுள் எண்ணெய் தங்கினால் தோட்டாவின் எரிதொப்பிக்குள் கசிந்து அதை வீணாக்குதலும் உண்டு. அறை முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஸ்லைடு ஓடும் தடங்களில் மட்டும் துளியளவு எண்ணெய் தேவை.

எந்த எண்ணெய் என்பதும் கவனிக்கத் தக்கது. அரசாங்கப் பண்டகசாலை எண்ணெய் தீர்ந்துபோனால் தேங்காயெண்ணெய் தடவுவார் உண்டு. அது காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். அன்றியும் ஏறத்தாழ 24 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் தலைக்குத் தடவ எடுக்கும் எண்ணெய்ப் புட்டியின் நிலையை நினைவுகூர்க. சேஷாசலக் காட்டுச் சரிவில் அதே விடியலில் காவல் நிற்பவரின் துப்பாக்கிக்குள்ளும் அதுவே நிகழும். ஸ்லைடு ஒரு மயிரிழை மூடாமல் நிற்பதற்கு அது ஒன்றே போதும்.

வெப்பநிலை உலோகத்தை மட்டுமன்றி மாகசினின் பொருளையும் தாக்கக்கூடும். 1999ஆம் ஆண்டில் கார்கில் மலைமுகடுகளில் இன்சாஸ் ரைபிளின் பிளாஸ்டிக் மாகசின்கள் கடுங்குளிரில் விரிசல் கண்டன என்ற செய்தி அக்காலத்தில் பரவலாக வெளிவந்தது. ரைபிள் வேறு, கைத்துப்பாக்கி வேறு. ஆயினும் பளுவான குழலைவிடத் தகடாலான கூடே முதலில் தோற்கின்றது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

தோட்டாவும் கையும்

தோட்டா மாறினால் துப்பாக்கியின் நடத்தையும் மாறும். அமெரிக்கச் சேனையினர் வியட்நாமில் எம்-16 ரைபிளுக்குரிய வெடிமருந்தின் வகையை மாற்றியபின், 1966, 1967 ஆண்டுகளில் தடைகள் பெருகின. அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று அதனை விசாரித்து 1967இல் அறிக்கை வெளியிட்டது. ரைபிளைக் குறைசொன்னவர் பலர். மருந்தை நினைத்தவர் தொடக்கத்தில் சிலரே. நம் கைத்துப்பாக்கியில் வேறொரு விஷயம் உண்டு. பழைய பிரௌனிங் அமைப்பில் ஏற்றச்சரிவு நடுவே சிறிது மேடிட்டது. உருண்டை மூக்குள்ள, உலோக உறை மூடிய குண்டுக்காகவே அவ்வாறு அமைந்தது. நுனி குழிந்த குண்டுகள் அம்மேட்டில் தட்டி நிற்கும். சரிவைத் தேய்த்துவிடலாம் என்று அரம் எடுப்பவர், அவ்விடத்தில் அறை தோட்டாக் கூட்டின் அடிப்பாகத்தைத் தாங்குகின்றது என்பதை மறந்துவிடுகின்றார். தாங்கலற்ற கூடு கிழிந்து வெடிவாயு பின்னே பாயும்.

கையின் பங்கையும் மறக்கலாகாது. முன் சொன்ன கணக்கை நினைவுகூர்க. ஸ்லைடு விநாடிக்கு 6.5 மீட்டர் வேகத்துடன் பின்செல்லும்போது, கைப்பிடிப் பகுதி அசையாமல் நின்றால்தான் மீள்வில் முழுதும் சுருங்கும். மணிக்கட்டைத் தளரவிட்டவர் கையில் துப்பாக்கி முழுவதுமே பின்னோக்கி ஓடும்; ஸ்லைடுக்கும் கைப்பிடிக்கும் இடையே உண்டாகும் இடப்பெயர்ச்சி குறையும். வெற்றுக்கூடு வாயிலில் செங்குத்தாக அகப்பட்டு நிற்றல், அடுத்த தோட்டாவை எட்டாமலே ஸ்லைடு மூடுதல் ஆகியவை இதனால் விளையும். புதிதாகப் பயிலும் மாணவர், உடல் தளர்ந்தவர், ஒரு கையால் சுடுபவர் ஆகியோரிடம் மட்டும் தடை நேர்ந்து, பயிற்சியாளர் கையில் அதே கருவி இடையறாது சுடுமானால் பழுது உலோகத்தில் இல்லை. பயிற்சியாளர் சுட்டுக்காட்டி ‘துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கின்றது’ என்று சொல்லிப் பயிலுநரை அனுப்பிவிடுவது போதாது. அவர் பிடியைத் திருத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றுக

காரணங்கள் நான்கு இடங்களில் ஒளிந்திருக்கின்றன: மாகசின், தோட்டா, துப்பாக்கி, கை. நான்கையும் ஒருங்கே மாற்றினால் தடை நீங்கலாம், காரணம் தெரியாது. மாகசினை மாற்றி, புதுப் பெட்டித் தோட்டாவும் போட்டு, எண்ணெயும் இட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று கையெழுத்திடும் அறிக்கைகளால் பயனில்லை.

எல்லா மாகசின்களுக்கும் எண் இடுவதே முதல் வேலை. அடித்தகட்டில் வண்ணத்தால் எழுதினாலும் போதும். ‘அ’ என்னும் துப்பாக்கியில் 1 எண் மாகசினுடன் தடை நேர்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆள், அதே பெட்டித் தோட்டா. மாகசினை மட்டும் 2 எண்ணுக்கு மாற்றுக. பிறகு 1 எண் மாகசினை ‘ஆ’ என்னும் துப்பாக்கியில் இடுக. தடை 1 எண்ணைப் பின்தொடர்ந்து ‘ஆ’வுக்குச் சென்றால் குற்றவாளி மாகசின். 1 எண்ணை விட்டு ‘அ’விலேயே தங்கினால் துப்பாக்கி. இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்து, ‘அ’வும் 1 எண்ணும் சேரும்போது மட்டும் தடை நேர்ந்தால் மாகசின் பூட்டுக்கும் அதன் வெட்டுக்கும் பொருத்தம் இல்லை. இதன் பின்னரே தோட்டாப் பெட்டியை மாற்றிப் பார்த்தல்; அதன் பின் சுடுபவரை மாற்றுதல். மருந்தற்ற பயிற்சித் தோட்டாக்களைக் கையால் ஏற்றிப் பார்ப்பதும் உதவும். உதடு, தட்டு, சரிவு ஆகியவற்றின் குற்றங்கள் அதில் வெளிப்படும். பின்னுதைப்பைச் சார்ந்த குற்றங்கள் அதில் வெளிப்படமாட்டா. உயிருள்ள தோட்டாக்களைக் கொண்டு இச்சோதனையைத் தங்குமிடத்தில் செய்வது எக்காரணத்தாலும் தகாது.

எத்தனை முறை சுட்டால் போதும்? கணித ஆசிரியர்க்கு இது நல்ல பாடம். நூற்றுக்கு ஒரு முறை தடைப்படும் துப்பாக்கி, 50 முறை தடையின்றிச் சுடுவதற்கான நிகழ்தகவு 0.99ஐ ஐம்பது முறை பெருக்கிய பலன், அதாவது ஏறக்குறைய 0.605. குறையுள்ள துப்பாக்கியும் பத்தில் ஆறு முறை இச்சோதனையில் தேறிவிடும்! 100 முறைக்கு 0.366, 300 முறைக்கு 0.05க்குச் சற்றுக் குறைவு. எனவே நூற்றுக்கு ஒன்று என்னும் குற்றம் இல்லை என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பிக்கையுடன் சொல்ல, தொடர்ந்து 300 தோட்டாக்கள் தடையின்றிச் செல்ல வேண்டும். அமெரிக்கச் சேனை 1911ஆம் ஆண்டில் பிரௌனிங் அமைத்த கைத்துப்பாக்கியை 6,000 முறை சுட்டுச் சோதித்தது. அதில் ஒரு தடையும் நேரவில்லை. போட்டியிட்ட ஸாவேஜ் கைத்துப்பாக்கியில் 37 நேர்ந்தன. அச்சோதனை வீண் ஆடம்பரம் அன்று. அதே கணக்கின்படி, 2,000க்கு ஒன்றைவிட மிகுதியாகத் தடைப்படாது என்று சொல்வதற்கு அவ்வளவு தோட்டா தேவைப்படுகின்றது. நம் அலுவலகங்களில் 300 தோட்டா ஒதுக்குவது எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சிச் சூட்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு மாகசினும் சுட்ட எண்ணிக்கையைக் குறித்துவந்தால், சில ஆண்டுகளில் அத்தொகை தானே சேர்ந்துவிடும். அது எழுதப்படாமையால்தான் ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றோம்.

ஆர்மரரிடம் அனுப்பும்போது துப்பாக்கியை மட்டும் அனுப்பி ‘சரியாகச் சுடவில்லை’ என்று எழுதுவது, நோயாளியை மட்டும் அனுப்பி நோயை மறைப்பது போலாகும். காலி செய்து இருமுறை சோதித்த துப்பாக்கியுடன், தடை நேர்ந்த மாகசினை அதன் எண்ணோடு சேர்த்து அனுப்புக. அதே பெட்டியைச் சேர்ந்த தோட்டாக்களையும், பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுதி எண்ணையும், தடையில் அகப்பட்ட கூட்டையும் விதிப்படி தனியே பொதிந்து அனுப்புக. சீட்டில் எழுத வேண்டியவை: எத்தனையாவது தோட்டா, மூக்கு மேலா கீழா, ஸ்லைடு எவ்வளவு திறந்திருந்தது, சுட்டவர் யார், முந்திய சூட்டின் ஓசை வழக்கம்போல் இருந்ததா என்பன. இக்கடைசி விடையை எவரும் கேளாமலே முதல் வரியில் எழுதுக.